தம்பியின் முழங்கை மடிப்பு

சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதுகில் ஆரம்பிக்கிறார்கள். அதுதான் தப்பு. முதலில் காலர், அப்புறம் கை, கடைசியில்தான் முதுகு. கையிலும் முழங்கை மடிப்பை ஈரத்தோடு அழுத்தி எடுக்க வேண்டும். அங்கே விட்ட சுருக்கம் நாள் முழுக்கப் போகாது. எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக இஸ்திரிப் பெட்டி என் கையில்தான் இருக்கிறது. என் தம்பியின் வேலைக் கோட்டைப் பார்த்துவிட்டு, எந்த லாண்டரியில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

நீங்கள் அந்தக் கோட்டைத்தான் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்திருக்கிறீர்கள். பக்கத்தில் பத்துத் தாளும் ஒரு பேனாவும். எங்கள் சென்ட் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை அதிகாரியாக வந்திருக்கிறீர்களா, என் தம்பியைக் கட்டிக்கொள்ளப் போகிறவளாக வந்திருக்கிறீர்களா என்று வாசலிலேயே கேட்டேன். "ரெண்டும்தான்" என்றீர்கள். அப்படியானால் "நீங்கள்" என்றே எழுதுகிறேன். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, தூரத்துக்குத் தூரமும் ஆச்சு.

"இந்தக் கோட்டுல என்ன போட்டீங்க, ஏன் போட்டீங்க, எல்லாத்தையும் எழுதிக் குடுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் என் போக்கில்தான் எழுதுவேன். இன்றைக்கு எனக்கு லீவு, அவன் வேலை முடிந்து ஐந்தரைக்குத்தான் வருவான், நேரம் நிறைய இருக்கிறது.

முதலில் அடாவடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அவளுக்கு இறங்குமுகம்தான், அதனால் உங்களுக்கு அவளுடைய அருமை தெரியாது. புட்டியின் மேல் வெறும் நாற்பத்தொன்று என்று எண் போட்டிருக்கும். கலவைக் கூடத்தில் நாங்கள் வைத்த பெயர்தான் அடாவடி. நான் பிறப்பதற்கு முன்னால், தோல் கிடங்கில் வளர்ந்த ஒரு மனிதர் உண்டாக்கிய சென்ட் அது. மற்ற சென்ட்டெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "உள்ள வரலாமா" என்று கேட்கும். இவள் செருப்போடு உள்ளே வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவாள்.

மூடியைத் திறந்ததும் பச்சைத் தழையைக் கசக்கிய கசப்பு. ஐந்து நிமிடத்தில் புகையிலை. அப்புறம் தோண்டிப் போட்ட ஈர மண், வெட்டிவேர், மரத்தில் படர்ந்த பாசி, அதற்கும் அடியில் பழைய குதிரைச் சேணம். அதோடு விட்டாளா என்றால் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து, எல்லாம் போய்விட்டது என்று நினைக்கும்போது, உடம்புச் சூட்டில் வேர்வையும் தேனும் கலந்த மாதிரி ஒன்று கிளம்பும் பாருங்கள், அதை வெட்கப்படாமல் விவரிக்க எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. ஒரு பல் டாக்டரம்மா, எழுபது வயது இருக்கும், அவளை வாங்குவதற்கென்றே நேரில் வருவார். "பல்லப் பிடுங்கறப்ப கத்தலாம்னு நினைப்பாங்க, இந்த வாசனையில திகைச்சுப் போய் வாய மூட மறந்துடறாங்க, எனக்கு வேலை சுலபமாயிடுது" என்பார். அந்த மாதிரி ஆட்கள்தான் அவளைப் போட்டுக்கொள்வார்கள். பயந்தாங்கொள்ளிகளுக்கு அவள் ஒத்துவர மாட்டாள்.

முப்பத்தொரு வருடம் அவளைத் தராசில் நிறுத்துக் கலந்தவள் நான். எழுபத்திரண்டு சரக்கு, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இனி என் தம்பி. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. பல் தேய்த்துவிட்டது, பாடம் சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். எனக்கு இரண்டு வரன் வந்தது. இரண்டு பேருமே, சொல்லி வைத்த மாதிரி, தம்பியை ஹாஸ்டலில் சேர்க்கலாமே என்று கேட்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது.

பத்தொன்பது வயதில் அவனைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டேன். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு புட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அக்கா, வெங்காயம் நறுக்கின கையோட யாரோ இத மூடியிருக்காங்க" என்றான். மூடியது நான். காலையில் நறுக்கிவிட்டு இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய கை. அன்றைக்கே அவனை முகரும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். முப்பது வயதில் அந்த அறைக்குத் தலைவன். கிழவர்கள்கூட அவனை "மூக்கு சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. என் கையால் வளர்ந்த மூக்கு அல்லவா.

முகர்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் உண்டு. சென்ட்டில் தோய்த்த காகிதப் பட்டைகளை வரிசையாக முகர்ந்துகொண்டே போனால் மூக்கு சலித்துப்போகும். அப்போது என்ன செய்வார்கள்? கையை மடக்கி, முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து இரண்டு மூச்சு இழுப்பார்கள். தன் உடம்பு, தன் துணி, ஏற்கெனவே பழகிய வாசனை, அதனால் மூக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் போட்டுக்கொள்கிற மாதிரி. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது செய்வார்கள். ஊரில் உள்ள வாசனை எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற கூட்டம், அந்த ஒரு மடிப்பை மட்டும் யாரும் சந்தேகப்பட்டதில்லை. இத்தனை வருடத்தில் அதைச் சோதித்துப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான். கெட்டிக்காரி, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளியின் மகள் பொறுப்புக்கு வந்தாள். முதல் வாரமே கூட்டம் போட்டு, அடாவடியை இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும் என்றாள். "குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கணும், குதிரைய குளிப்பாட்டின மாதிரி இருக்கக் கூடாது" என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அந்த வேலையை என் தம்பியிடம் கொடுத்தார்கள். அவனாவது முடியாது என்று சொல்வான் என்று பார்த்தேன். துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "பாசிய எடுத்துடறேன்க்கா, வெட்டிவேர பாதியாக்கிடறேன், அடாவடிய அடக்கமான பொண்ணாக்கிக் காட்டறேன் பாரு."

முதல் சோதனைக் கலவையை நானே நிறுத்துக் கொடுத்தேன். முகர்ந்தும் பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அவன் தன் வேலையைச் செய்கிறான், நான் என் வேலையைச் செய்ய வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

என் வேலை இஸ்திரி. தெளிக்கிற புட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் வெட்டிவேர், பச்சௌலி இலை, பாசி மூன்றின் எண்ணெயும் சேர்த்து அரைச் சொட்டு. அடாவடி முழுசாக இல்லை, அவளுடைய மண் மட்டும். அரைச் சொட்டை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. அடுத்த வாரம் முக்கால், அதற்கடுத்த வாரம் ஒன்று. ஓடுகிற மின்விசிறியின் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமல் போகிறது இல்லையா, மூக்கும் அப்படித்தான். எந்நேரமும் இருக்கிற வாசனையை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அவன் கோட்டிலும் சட்டைகளிலும் முழங்கை மடிப்பில் தெளித்து, சூடாக அழுத்தி, மடித்து வைத்துவிடுவேன். அவன் நாளைக்கு நூறு தடவை அதில் மூக்கைப் புதைத்துப் பூஜ்யம் போட்டுக்கொள்வான்.

நாலாவது வாரம் சோதனைப் பட்டையோடு வந்தான். "அக்கா, மண்ணே தெரியலையே, ரொம்ப எடுத்துட்டேன் போல. கொஞ்சம் ஏத்திக் குடேன்" என்றான். ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் அதே கதை. பதினேழாவது கலவை அச்சு அசல் பழைய அடாவடி. இருபத்திரண்டாவது கலவை அவளுடைய அக்கா.

அந்த இருபத்திரண்டைத்தான் அவன் கூட்டத்தில் நீட்டினான். நீங்களும் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். "காலையில தோச்சு வெயில்ல காயப்போட்ட துணி மாதிரி" என்று கனிவாக விளக்கிக்கொண்டே பட்டைகளைக் கொடுத்தான். முதலாளியின் மகளுக்குப் புரையேறியது. விற்பனை மேலாளர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். நடுவில் ஒருவர் கட்டுக்கடங்காமல் தும்ம ஆரம்பித்தார், இருபது தும்மலாவது இருக்கும். நான் மாதிரிப் புட்டிகளை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது. மாற்றமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று முதலாளியின் மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். அடாவடி பிழைத்துக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நியாயம்தான். ஆனால் மறுபடியும் மாற்றச் சொன்னால் என்ன செய்வது? முன்ஜாக்கிரதை வேண்டாமா? அதனால் நிறுத்தவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் அவன் சந்தேகப்பட ஆரம்பித்தான். கோட்டை அல்ல, தன்னை. பழைய அடாவடிப் புட்டியைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தான், மண் வாசனை கிடைக்கவில்லை. மூன்று டாக்டர்களைப் பார்த்தான். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லோரும் ஒன்றும் இல்லை என்றார்கள், அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. ஒருநாள் மாலை இதே சமையலறையில், இதோ இந்தத் தரையில் உட்கார்ந்து அழுதான். "எனக்கு வேற எதுவுமே தெரியாதேக்கா, இது போச்சுன்னா நான் யாருக்கா" என்று கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிட்டேன். "நான் இருக்கேன்டா, உனக்கு என்ன கவலை, அக்கா மூக்கு உன் மூக்கு இல்லையா" என்றேன். நாலு வயதில் அழுத மாதிரியே அழுதான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்யில்லை, உண்மையாகவே வந்தது.

அதிலிருந்து பட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருவான். தான் முதலில் முகர்ந்து பார்ப்பான், பிறகு என்னிடம் நீட்டுவான். கோட்டில் இருந்தது மண் மட்டும்தான், ரோஜாவும் எலுமிச்சையும் அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு நாள், "இது ரோஜாதானேக்கா?" என்று அவன் கேட்டபோது, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை, "இல்லடா, எலுமிச்சை" என்றேன். ரோஜாதான் அது, ஐயமே இல்லை. அவன் இன்னொரு தடவை முகர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். "ஆமா, எலுமிச்சைதான்" என்று எழுதிக்கொண்டான். அதற்கப்புறம் கோட்டுக்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை. மீதியை வாயாலேயே முடித்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு, மூன்று. எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னால் சந்தேகம் வரும், எதையும் அளவோடு செய்ய வேண்டும்.

ஆறு மாதத்தில் அவனே ராஜினாமா எழுதிக் கொடுத்தான். முதலாளியின் மகள் நல்லவள், வெளியே அனுப்பாமல் லேபிள் கிடங்கில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தாள். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறான். சிரித்த முகமாகத்தான் ஒட்டுகிறான். மத்தியானம் என்னோடு சாப்பிடுகிறான், சாயந்திரம் என்னோடு நடந்து வருகிறான். குழம்பு ஊசிப்போயிருக்கிறதா என்றுகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான். எங்களுக்கு அது நல்ல காலம். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், ஆனால் அந்த மூன்று வருடத்தில் இந்த வீட்டில் ஒரு சண்டை கிடையாது.

நீங்கள் அடிக்கடி குத்திக் காட்டுகிற கடிதத்தையும் எழுதிவிடுகிறேன். ஆமாம், அடாவடியை மாற்றச் சொன்ன அதே வாரத்தில்தான் கடல் தாண்டி ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அவனுக்கு அந்தக் கடிதம் வந்தது. அவனுக்கு வேலை, உங்களுக்கும் வேலை, கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பேரும் போவதாக இருந்தீர்கள். மூக்கு போன பிறகு அவன் அதற்குப் பதில் எழுதவில்லை, கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போட்டுவிட்டான். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் செய்தது அடாவடிக்காக.

அடாவடியைப் போன வருடம் நிறுத்திவிட்டார்களே, அப்படியானால் இந்த மாதக் கோட்டில் ஏன் இருந்தது என்று நீங்கள் மேசையைத் தட்டிக் கேட்டீர்கள். வாஸ்தவம். இப்போது அந்தக் கூடத்தில் கை கழுவும் சோப்புத்தான் காய்ச்சுகிறார்கள். அவளை நிறுத்திய அன்று இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். இஸ்திரித் தண்ணீர் விஷயம் என்னவென்றால், கலந்து வைத்தது நிறைய இருந்தது. எதையும் வீணாக்கிப் பழக்கமில்லாத வீடு இது. தீர்ந்த பிறகு புதிதாகக் கலந்தது, சும்மா, கை சும்மா இராமல்தான்.

போன மாதம் அவன் உங்களோடு உங்கள் அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போனான். வழியில் பஸ்ஸில் அவன் பெட்டி தொலைந்துபோனது. நான் இஸ்திரி போட்டு அடுக்கிய பத்துச் சட்டையும் போச்சு. புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். எட்டாம் நாள் போன் செய்தான். "அக்கா, மழை பெய்யுதுக்கா. மண் வாசனை வருதுக்கா. நிஜமாத்தான் வருதா, நீ சொல்லேன்" என்று குழந்தை மாதிரிக் கத்தினான். அத்தனை தூரத்திலிருந்து என்னைக் கேட்கிறான் பாருங்கள். "நல்லதுடா, ஆனா அப்படியெல்லாம் சட்டுனு வராது, பிரமையா இருக்கும், ரொம்ப ஆசப்படாத" என்றேன். ஆசைப்பட்டு ஏமாந்தால் மனசு விட்டுப்போவான் என்ற அக்கறைதான்.

ஊர் திரும்பிக் கிடங்குக் கோட்டை மாட்டிக்கொண்டான். இரண்டு வாரத்தில் மண் வாசனை மறுபடி போய்விட்டது. நீங்கள் சும்மா இருந்தீர்களா? தொழிற்சாலையில் அவன் லாக்கரிலிருந்து கோட்டை எடுத்து, முழங்கை மடிப்பையும் முதுகையும் தனித்தனியாக முகர்ந்து பார்த்தீர்கள். ஒரு வாரமாக நீங்கள் வாங்கிக் கொடுத்த சட்டைகளைத்தான் போடுகிறான், என்னை இஸ்திரி போட விடுவதில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ பையோடு வருவீர்கள் என்று.

ஆகவே, கீழே கையெழுத்துப் போடுகிறவள் ஒத்துக்கொள்வது என்னவென்றால், என் தம்பியின் மூக்கை மூன்று வருடம் அடைத்து வைத்தவள் நான்தான். கோட்டால் கொஞ்சம், வாயால் மீதி. யாரும் தூண்டவில்லை. அடாவடிக்காகச் செய்தேன். அவள் போன பிறகு எனக்கு அவனிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. அவன் மூக்கு திரும்பி வந்து, உங்களைக் கட்டிக்கொண்டு, கடல் தாண்டிப் போனால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க முடியாது.

எழுத்து நடுவில் நின்றதற்கு மன்னியுங்கள். இப்போது நடந்ததையும் சேர்த்து எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன்.

மேலே கண்ட வரியை எழுதும்போது, உங்களுக்கும் எனக்கும் டீ போட அடுப்பில் பால் வைத்திருந்தேன். எழுதுகிற மும்முரத்தில் மறந்துவிட்டேன். பால் அடிப்பிடித்துத் தீய ஆரம்பித்த அதே நேரம் அவன் வந்துவிட்டான். சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். முகமெல்லாம் பூரிப்பு. "அக்கா, பால் தீயுதா? தீயற வாசனை வருதே, வருதுதானே?" என்றான். அடுப்பு என் முதுகுக்குப் பின்னால், அவன் நின்ற இடத்துக்குத் தெரியாது. எனக்கு வாசனை நன்றாகவே வந்தது.

"இல்லடா கண்ணா, அப்படி ஒண்ணும் இல்லியே" என்றேன்.

நீங்கள் துள்ளி எழுந்தீர்கள். "தீயுதுங்க, உங்களுக்குத் தெரியறது சரிதான், நல்லாவே தீயுது" என்று அவனிடம் சொன்னீர்கள். அவன் உங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். அவன் முகம் மெல்லச் சுருங்கிவிட்டது. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டான்.

நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு, கரி பிடித்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறீர்கள். பாத்திரத்தை வையுங்கள், நான் தேய்த்துக்கொள்கிறேன். உங்கள் பேச்சையும் தன் மூக்கையும் விட்டுவிட்டு அவன் இன்னும் என்னைத்தான் நம்புகிறான், அதையும் மறக்காமல் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.